சிடன்ஹாம் கோரியாவும் உண்ணாமையும்: ஒன்பது வயதுச் சிறுமிக்கு உணவூட்டம் குறித்த நிகழ்வு ஆய்வு

இங்கே விவரிக்கப்படும் சிறுமி தனியொரு நோயாளி அல்லள். இத்தகைய நோய் கண்ட குழந்தைகளிடம் பொதுவாகக் காணப்படும் கூறுகளைச் சேர்த்து, உணவியல் பயில்வோருக்காகவும் குழந்தைகள் பிரிவில் பணிபுரியும் செவிலியருக்காகவும் அமைக்கப்பட்ட மாதிரி நிகழ்வு இது. எடை, வயது, ஆய்வக அளவுகள் ஆகியவை அந்த நோக்கத்துக்காகவே வகுக்கப்பட்டவை. நோயின் போக்கு, மருந்துகளின் இயல்பு, உணவுக் கணக்கு ஆகியவை மருத்துவத்தில் நிலைபெற்ற செய்திகள்.

நோயைப் பற்றி

நோயெதிர்ப்பு மண்டலம் தடம் மாறி மூளையைத் தாக்குவதால் குழந்தைகளின் நடத்தையும் அசைவும் மாறிப்போகும் நோய்களுள் மிகப் பழமையாக அறியப்பட்டது, கை, கால், முகம் தாமாகவே ஓயாது அசையும் சிடன்ஹாம் கோரியா. ஆங்கில மருத்துவர் தாமஸ் சிடன்ஹாம் 1686-ல் இதை விவரித்தார். தொண்டையில் தொற்றும் ஏ பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமிக்கு எதிராக உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருள்கள், அக்கிருமியின் புரதங்களை ஒத்த அமைப்புடைய மூளைத் திசுக்களையும், குறிப்பாக அசைவுகளை ஒழுங்குபடுத்தும் அடித்தள முடிச்சுகளையும், தாக்குவதே காரணம் எனக் கருதப்படுகிறது. இதே தொண்டைத் தொற்றுக்குப் பின் மூட்டுகளையும் இதயத்தையும் தாக்கும் ருமாட்டிக் காய்ச்சலைக் கண்டறிய 1944-ல் மருத்துவர் ஜோன்ஸ் வகுத்த முதன்மை அளவுகோல்களுள் கோரியாவும் ஒன்று. செல்வ நாடுகளில் ருமாட்டிக் காய்ச்சல் அரிதாகிவிட்டாலும், நம் ஊர்க் குழந்தைகளிடம் அது இன்னும் மறையவில்லை.

1998-ல் அமெரிக்காவின் தேசிய மனநல ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த சூசன் ஸ்வீடோவும் அவருடைய குழுவினரும், இதே கிருமித் தொற்றை அடுத்துத் திடீரென எண்ணச் சுழற்சியும் (ஒரே எண்ணமோ செயலோ விடாமல் திரும்பத் திரும்ப வருவது) தசைத் துடிப்பும் கண்ட 50 குழந்தைகளை விவரித்துப் பாண்டாஸ் என்னும் வகைப்பாட்டை முன்வைத்தனர். 2012-ல் வெளியான பான்ஸ் என்னும் விரிந்த வகைப்பாடு, திடீரென உணவைக் கடுமையாகச் சுருக்கிக்கொள்வதை, எண்ணச் சுழற்சி நோய்க்கு இணையான முதன்மை அறிகுறியாகவே ஏற்றுக்கொண்டது. கோரியா உறுதியான குழந்தைக்கு அந்தப் பெயர்களைச் சூட்டுவதில்லை. ஆனால் உணவுத்தட்டின் முன் எழும் சிக்கல் பெரும்பாலும் ஒன்றே: குழந்தை உண்பதில்லை, ஏன் உண்பதில்லை என்பதை எவரும் பிரித்துப் பார்ப்பதில்லை.

சேர்க்கையின்போது

தென்மாவட்டச் சிற்றூர் ஒன்றில் நான்காம் வகுப்புப் படிக்கும் சிறுமி. சுமார் இரண்டரை மாதங்களுக்கு முன் தொண்டை வலியும் காய்ச்சலும் வந்து, மாத்திரை ஏதுமின்றியே தணிந்தன. அதற்குச் சில வாரங்கள் கழித்துக் கையெழுத்துக் கோணியது. தட்டும் தம்ளரும் கைநழுவின. காரணமின்றி அழுவதும் சிரிப்பதும் மாறி மாறி வந்தன. சேட்டை என்று ஆசிரியர் கண்டித்தார். பயந்திருக்கிறாள் என்று வீட்டார் மந்திரித்துக் கயிறு கட்டினர். அசைவுகள் தெளிவாகத் தெரிவதற்கு முன்பே சோற்றில் பல்லி விழுந்திருக்கும் என்ற அச்சம் தொடங்கிவிட்டதாகத் தாய் பின்னர் நினைவுகூர்ந்தார். மூடியைத் திறந்து பார்ப்பாள், மறுபடியும் பார்ப்பாள், பின் தட்டையே ஒதுக்கிவிடுவாள். சேர்க்கைக்கு முந்தைய பத்து நாள்களில் உறை பிரிக்காத பிஸ்கட்டும் பாலில்லாத் தேநீரும் மட்டுமே உட்கொண்டிருக்கிறாள்.

பரிசோதனையில், விரல்களைப் பிடிக்கச் சொன்னால் இறுக்கியும் தளர்த்தியும் பால் கறப்பது போன்ற பிடி இருந்தது, நீட்டிய நாக்கு நிலைகொள்ளாமல் உள்ளே ஓடியது, பேச்சுக் குழறியது, தசைகள் தளர்ந்திருந்தன. உறக்கத்தில் அசைவுகள் அடங்கின. எக்கோ என்னும் இதய ஒலியலைப் படத்தில் ஈரிதழ் வால்வில் லேசான கசிவு தெரிந்தது. தொண்டைத் தொற்றுக்கும் கோரியாவுக்கும் இடையே ஒன்று முதல் ஆறு மாத இடைவெளி இருக்கக்கூடும் என்பதால், ரத்தத்தில் அழற்சி அளவுகள் இயல்பாக இருப்பது இந்த நோயை மறுக்கும் சான்று ஆகாது; இச்சிறுமிக்கும் அவை இயல்பாகவே இருந்தன.

பள்ளி மருத்துவப் பதிவில் 24 கிலோவாக இருந்த எடை இப்போது 19.6 கிலோ. உயரம் 126 செ.மீ. அதாவது உடல் எடையில் 18 விழுக்காடு குறைந்திருந்தது. வயதுக்கேற்ற உடல் நிறைக் குறியீடு உலக சுகாதார நிறுவன அட்டவணையில் மெலிவைக் குறிக்கும் மைனஸ் இரண்டு கோட்டுக்குக் கீழே கிடந்தது. ஆயினும் மருத்துவமனைக் குறிப்பில் உணவு பற்றி இருந்தது ஒரே வரி: “மென்மையான உணவு, சத்து பவுடர் இரு வேளை.” இத்தகைய வரி எழுதுவதற்கு எளிது, ஆனால் உண்ணாமைக்கு ஐந்து தனித்தனிக் காரணங்கள் கொண்ட ஒரு குழந்தைக்கு அது எந்த வழியையும் காட்டவில்லை.

காரணங்களைப் பிரித்தல்

முதலில் தெரிவது அசைவு. கை வாய்க்குப் போகும் வழியிலேயே உணவு சிந்திவிடுகிறது; விழித்திருக்கும் நேரமெல்லாம் உடல் ஓயாது அசைவதால் எரியும் ஆற்றலும் கூடுகிறது. இதற்கு மருந்து வேலை செய்யும்வரை வழி, கருவியிலும் நேரத்திலும் இருக்கிறது: தடித்த பிடியுள்ள கரண்டி, விளிம்பு உயர்ந்த கனத்த கிண்ணம், மூடியும் மூக்கும் உள்ள தம்ளர்; எவர்சில்வர் கரண்டி பல்லிலும் உதட்டிலும் மோதுவதால் மழுங்கிய ஞெகிழிக் கரண்டி; உறங்கி எழுந்ததும் அசைவு குறைந்திருக்கும் அரைமணி நேரத்தில் அன்றைய கனமான வேளை.

விழுங்குதல் இதனோடு தொடர்புடையது, ஆனால் தனியாகப் பார்க்க வேண்டியது. நாக்கு நிலைகொள்ளாத குழந்தைக்குக் கெட்டியான உணவைவிடத் தண்ணீரே ஆபத்து. நீர்மோரும் ரசமும் எளிதான உணவு என்று வீட்டிலும் வார்டிலும் ஊட்டப்படுகின்றன. அவையே இருமலையும் புரையேறுதலையும் கிளப்பின. குழைந்த பொங்கல், கெட்டியான கேழ்வரகுக் கூழ், மசித்த இட்லி ஆகியவை இருமல் இன்றி இறங்கின. இரு பதங்கள் கலந்த உணவு இன்னும் கடினம்: ரசத்துள் மிதக்கும் சோறு, சாம்பாருக்குள் காய்த்துண்டு. தாளிப்பில் பொரிந்த கடுகும் கறிவேப்பிலையும் தொண்டையில் ஒட்டிக்கொண்டு, ‘சோற்றுக்குள் ஏதோ இருக்கிறது’ என்ற அச்சத்துக்கே சான்று கொடுத்துவிடுகின்றன. தாளிப்பை நெய்யில் வடித்து, நெய்யை மட்டும் சேர்க்குமாறு சமையற்கூடத்துக்குச் சொல்லப்பட்டது. நிமிர்ந்து அமர்ந்து, மோவாய் சற்றுத் தாழ்ந்திருக்க, ஒரு வாய் விழுங்கியதை உறுதி செய்தபின் அடுத்த வாய். ஒரு வேளைக்கு முப்பது நிமிடத்துக்கு மேல் இல்லை.

மருந்தும் ஒரு காரணமானது. சேர்க்கைக்கு முன் அசைவைக் கட்டுப்படுத்தக் குறைந்த அளவில் ஹாலோபெரிடால் தொடங்கப்பட்டிருந்தது. மறுநாளே தாடை இறுகி, எச்சில் வடிந்து, விழுங்குதல் மோசமானது. நோய் முற்றுகிறது என்று எளிதில் முடிவுகட்டிவிடக்கூடிய நிலை அது; உண்மையில் அது அம்மருந்தின் அறியப்பட்ட பக்கவிளைவான தசை இறுக்கம். மருந்து நிறுத்தப்பட்டு வால்ப்ரோயேட் தொடங்கப்பட்டது. இதிலும் உணவியலருக்கு வேலை உண்டு: வெறும் வயிற்றில் கொடுத்தால் குமட்டும், உண்ணாமல் மெலிந்த குழந்தையின் உடலில், கொழுப்பை எரிக்க உதவும் கார்னிட்டின் இருப்புக் குறைவாக இருக்கக்கூடும், வால்ப்ரோயேட் அதை மேலும் குறைக்கும், ஆகவே புதிதாக வாந்தியோ அளவுமீறிய தூக்கமோ வந்தால் அதைச் சாப்பாட்டுக் கோளாறு என ஒதுக்காமல் ரத்தத்தில் அம்மோனியா ஏறியிருக்கிறதா எனப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

அச்சத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் பெரும்பாலான தவறுகள் இங்குதான் நிகழ்கின்றன. பல்லி விழுந்திருக்கும் என்ற எண்ணம் பிடிவாதமும் அன்று, செல்லமும் அன்று. அழற்சி கண்ட மூளையின் அறிகுறி. அதட்டியோ மூக்கைப் பிடித்தோ ஊட்டினால், விழுங்கும் திறன் குன்றிய குழந்தைக்கு உணவு நுரையீரலுக்குள் போகும், அச்சமும் இரட்டிக்கும். மறுபுறம், அவள் கேட்பதையெல்லாம் காலவரையின்றி ஒப்புக்கொண்டு பிஸ்கட்டிலேயே நிறுத்திவிட்டால் அந்த வட்டம் நாளுக்கு நாள் குறுகும். எடை ஆபத்தான அளவில் இருக்கும் நாள்களில் ஊட்டமே முதல் கடமை என்பதால், பைக்குள் அடைத்த பால், உரிக்காத வாழைப்பழம், அவள் கண்ணெதிரே ஓடு உடைத்த அவித்த முட்டை என ‘மூடியிருந்து திறக்கப்படும்’ உணவுகளாகவே தொடக்கப் பட்டியல் அமைக்கப்பட்டது. முட்டையின் ஓடும் பழத்தின் தோலும் பல்லி புக முடியாத உறைகள் என்று அவளே சொல்லிக்கொண்டாள். மருந்து வேலை செய்யத் தொடங்கிய பிறகே, மனநல மருத்துவரின் வழிகாட்டுதலுடன், மூடி திறந்த கிண்ணத்தை நோக்கி ஒவ்வொரு படியாக நகர்த்தப்பட்டாள்: முதலில் தாய் திறந்து காட்டிய கிண்ணம், பின் திறந்தே வந்த கிண்ணம். எத்தனை முறை சரிபார்க்கலாம் என்பதற்கு முன்கூட்டியே பேசி வைத்த எண்ணிக்கை. அதற்கு மேல் வாதமும் இல்லை, சமாதானமும் இல்லை.

ஐந்தாவது காரணம் வீட்டிலிருந்து வந்தது. ஜன்னி கண்ட பிள்ளைக்குத் தயிர், வாழைப்பழம், முட்டை, மீன் ஆகாது என்று அப்பத்தா பத்தியம் விதித்திருந்தார். இதே காலத்தில் தந்தையின் கைபேசிக்கு வந்த ஒரு காணொளி, மூளை அழற்சிக்குக் கோதுமையும் பாலும் காரணம் என்றும் அவற்றை முற்றாக நிறுத்த வேண்டும் என்றும் சொல்லியிருந்தது. ஒன்று வழிவழியாக வந்தது, மற்றொன்று கைபேசியில் வந்தது. இரண்டும் சேர்ந்து, ஏற்கெனவே மூன்று நான்கு பண்டங்களே உண்ணும் குழந்தையின் தட்டை வெறுமையாக்கின.

அப்பத்தாவிடம் பேசும் முறையும் முக்கியம். “நீங்க சொல்ற பத்தியம் தப்புன்னு சொல்லல அப்பத்தா. காய்ச்சல் இருந்தப்ப கஞ்சி குடுத்தீங்க, நல்லதுதான். இப்ப காய்ச்சல் இல்ல, உடம்பு வத்திப்போச்சு. பிள்ளத்தாச்சிக்கு எப்படித் தேத்துவீங்களோ அப்படி இவளத் தேத்தணும்,” என்று உணவியலர் சொன்னதும் உளுந்தங்கஞ்சியும் நல்லெண்ணெயும் அவர் வாயிலிருந்தே வந்தன. தயிரை மாலை வேளையில் தவிர்ப்பது என்றும், முட்டையை மதியத்தில் கொடுப்பது என்றும் உடன்பாடு ஏற்பட்டது. இத்தகைய விட்டுக்கொடுத்தலால் ஊட்டத்துக்கு எந்த இழப்பும் இல்லை.

தந்தைக்குச் சொன்னது வேறு. கோதுமையையோ பாலையோ நீக்குவது இந்த நோயைக் குணப்படுத்துகிறது என்பதற்குச் சான்று இல்லை. கோதுமைப் புரதத்தால் குடல் பாதிக்கப்படும் சீலியாக் நோய் இருக்குமோ என்ற ஐயம் உண்மையாகவே இருந்தால், கோதுமையை நிறுத்துவதற்கு முன்பே ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். நிறுத்திய பின் செய்தால் விடை தவறாக வரும். பிறர் ரத்தத்திலிருந்து எடுத்த எதிர்ப்பொருள்களான இம்யூனோகுளோபுலின் ஏற்றிய குழந்தையிடமும் எதிர்ப்பொருள் பரிசோதனைகள் குழப்பும். மாவுச்சத்தை மிகக் குறைத்துக் கொழுப்பைக் கூட்டும், வலிப்பு நோய்க்குப் பயன்படும் கீட்டோஜெனிக் உணவுமுறையையும் இங்கே கேட்டார்கள். மருந்துக்கு அடங்காத வலிப்பில் அதற்கு உறுதியான இடம் உண்டு, எடை இழந்துகொண்டிருக்கும் கோரியாச் சிறுமிக்கு இல்லை.

ஊட்டத்தின் கணக்கு

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமமும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020-ல் வெளியிட்ட பரிந்துரைப்படி 7 முதல் 9 வயதுக் குழந்தையின் ஒரு நாள் ஆற்றல் தேவை 1700 கிலோகலோரி. அசைவால் எரியும் கூடுதலையும் இழந்த எடையை மீட்கும் தேவையையும் சேர்த்து இச்சிறுமிக்கு இறுதி இலக்கு 1800 என்றும், புரதம் 35 முதல் 40 கிராம் என்றும் வைக்கப்பட்டன. ஆனால் முதல் நாளே அதை எட்ட முயல்வது ஆபத்து. பல நாள் பட்டினிக்குப் பின் மாவுச்சத்து உள்ளே போனதும் இன்சுலின் சுரந்து, ரத்தத்தில் உள்ள பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம் ஆகியவற்றை செல்களுக்குள் இழுத்துவிடும். இதயத் துடிப்பு தடுமாறலாம், உடலில் நீர் தேங்கலாம். வால்வு ஏற்கெனவே கசியும் இதயத்துக்கு இது இரட்டைச் சுமை. ஆகவே தையமின் (வைட்டமின் பி1) முதலில் கொடுக்கப்பட்டு, உணவு 900 கிலோகலோரியில் தொடங்கப்பட்டது.

வாயால் உண்டது முதல் நாளில் அதிலும் பாதியைத் தொடவில்லை. மூக்குக் குழாய் பற்றி முடிவெடுக்கும்போது குடும்பம் அஞ்சியது; குழாய் போட்டால் பிள்ளை பிழைக்காது என்ற எண்ணம் பரவலானது. குழாய், வாயால் உண்பதற்கு மாற்றாக அல்ல, துணையாக என்றும், எடை நிலைபெற்றதும் எடுக்கப்படும் என்றும் விளக்கி இரண்டாம் நாளில் மெல்லிய குழாய் செலுத்தப்பட்டது. கோரியாவின் இயல்பே இங்கு உதவியது: உறக்கத்தில் அசைவு அடங்குவதால் கை குழாயைப் பறிக்காது. எனவே ஊட்டத்தின் பெரும்பகுதி இரவில், தலைப்பக்கம் முப்பது பாகை உயர்த்திய கட்டிலில், செவிலியர் கண்காணிப்பில், மெதுவாகச் சொட்டவிடப்பட்டது. பகலில் பசி எழ இடம் விடப்பட்டது. சமையற்கூடத்தில் அரைத்த கஞ்சி மெல்லிய குழாயை அடைத்துவிடும், கிருமிக்கும் இடம் தரும் என்பதால், ஒரு மில்லிக்கு ஒரு கிலோகலோரி தரும் ஆயத்தத் திரவம் பயன்படுத்தப்பட்டது. செலவு தாங்காத இடங்களில் காய்ச்சிய பால், சர்க்கரை, எண்ணெய் ஆகியவற்றைக் கொண்டு அளந்து கலக்கும் முறை உண்டு. அதற்குத் தூய்மையும் அளவும் தவறாத ஒரு கை வேண்டும்.

மூன்றாம் நாள் காலையில் பாஸ்பேட் 4.1-லிருந்து 3.0-க்கு இறங்கியிருந்தது. குழந்தை நலமாகவே தோன்றினாள். பரிசோதிக்காமல் இருந்திருந்தால் எவருக்கும் தெரிந்திருக்காது. ஆற்றல் அளவை உயர்த்துவது நிறுத்தி வைக்கப்பட்டு, பாஸ்பேட் வாய்வழியாக ஈடுசெய்யப்பட்டது. ஐந்தாம் நாளில் அளவு மீண்டதும் நாளொன்றுக்கு 150 முதல் 200 கிலோகலோரி வரை கூட்டப்பட்டது. பத்தாம் நாளில் இலக்கை எட்டினாள்.

ஸ்டீராய்டு தொடங்கிய பிறகு

அசைவின் கடுமையையும் இதயத்தின் நிலையையும் கருதி மருத்துவர்கள் பிரெட்னிசோலோன் என்னும் ஸ்டீராய்டைத் தொடங்கினர். அதன்பின் பசி திரும்பியது. ஒரே வாரத்தில் எடை ஒன்றரைக் கிலோ ஏறியது. வார்டில் அனைவரும் மகிழ்ந்தனர், ஆனால் அந்த ஏற்றத்தில் தசை எவ்வளவு, தேங்கிய நீர் எவ்வளவு என்பதைத் தராசு சொல்லாது. தோளுக்கும் முழங்கைக்கும் நடுவே மேற்கைச் சுற்றளவை வாரம் ஒருமுறை நாடாவால் அளந்ததில் அது சற்றும் நகரவில்லை. எனவே குழாய் எடுக்கப்படவில்லை. எடை மட்டும் பார்த்து உணவூட்டத்தை நிறுத்துவது ஸ்டீராய்டு பெறும் குழந்தைகளிடம் அடிக்கடி நிகழ்வது.

உப்பு குறைக்கப்பட்டது, அப்பளம், ஊறுகாய், வடகம், பொட்டலத் தின்பண்டங்கள் விலக்கப்பட்டன. அவளுடைய நம்பிக்கைக்குரிய பிஸ்கட்டிலும் உப்பு உண்டு என்றாலும், அதைப் பறிக்க இது நேரமன்று. எண்ணிக்கை மட்டும் வரையறுக்கப்பட்டது. ஸ்டீராய்டு எலும்பிலிருந்து சுண்ணாம்புச் சத்தைக் குறைப்பதால் பாலும் கேழ்வரகும் உறுதி செய்யப்பட்டன. கேழ்வரகில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உள்ளது, இவ்வயதின் ஒரு நாள் பரிந்துரையோ 650 மில்லிகிராம். வைட்டமின் டி அளவு குறைந்திருந்ததால் மருத்துவர் எழுதிய அளவில் கொடுக்கப்பட்டது. எதிர்ப்புச் சக்திக்காக என்று கடையில் வாங்கி வந்த கூடுதல் வைட்டமின் டி சொட்டுமருந்து திருப்பி அனுப்பப்பட்டது. இது அளவு மீறினால் ரத்தத்தில் கால்சியம் ஏறும் வைட்டமின்.

இரும்புச்சத்தும் குறைவாக இருந்தது. அழற்சியின்போது, உடலின் இரும்பு இருப்பைக் காட்டும் பெரிட்டின் உயர்ந்து குறைபாட்டை மறைக்கக்கூடும் என்பதால் அதைத் தனியே நம்புவதற்கில்லை. இச்சிறுமிக்கு அழற்சி அளவுகள் இயல்பாக இருந்து, பெரிட்டினும் தாழ்ந்திருந்ததால் ஐயத்துக்கு இடமில்லை. எடை ஏறத் தொடங்கிய பின், பாலோடும் தேநீரோடும் சேராத நேரத்தில் இரும்பு மருந்து தொடங்கப்பட்டது. மீன் எண்ணெய் மாத்திரை, புரோபயாட்டிக் பொட்டலம் ஆகியவற்றைப் பற்றியும் கேள்வி வந்தது. இந்த நோயில் இரண்டுக்கும் உறுதியான சான்று இல்லை. மத்தி மீனும் வீட்டுத் தயிரும் உணவாகவே இருக்கட்டும் என்பதே விடை.

வீடு, பள்ளி, தொடர் கவனிப்பு

நான்காம் வாரத்தில் குழாய் எடுக்கப்பட்டது. ஆறாம் வாரத்தில் 22.3 கிலோ எடையுடன் வீடு திரும்பினாள். மேற்கைச் சுற்றளவும் இப்போது கூடியிருந்தது. பேச்சு தெளிந்தது, கரண்டியைத் தானே பிடித்தாள். கோரியா பெரும்பாலும் சில மாதங்களில் அடங்கும். எண்ணச் சுழற்சி அதற்குப் பின்னும் நீடிக்கலாம், நோய் திரும்பவும் வரலாம். குடும்பத்துக்கு இதை ஒளிக்காமல் சொல்வது, உண்ணாமை மறுபடி தலைகாட்டினால் உடனே கவனிக்க உதவும்.

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிக் குழந்தைக்கு நாளின் இரு வேளைகள் பள்ளியிலேயே அமைகின்றன: 2022-ல் தொடங்கிய காலை உணவுத் திட்டம், 1982 முதல் விரிவாக்கப்பட்ட சத்துணவு. பள்ளியை விட்டுவிட்டு வீட்டு உணவுக்கு மட்டும் அட்டவணை போட்டுக் கொடுப்பதில் பொருளில்லை. தலைமையாசிரியரிடமும் சத்துணவு அமைப்பாளரிடமும் நோய்ப் பெயரை விரித்துரைக்காமல் மூன்று வேண்டுகோள்கள் வைக்கப்பட்டன: வரிசையில் அவசரப்படுத்த வேண்டாம், சிந்தினால் கண்டிக்க வேண்டாம், முட்டையை உரிக்காமல் கொடுங்கள். பெருந்திரளுக்குச் சமைத்த அண்டாவிலிருந்து வரும் சோற்றை அவள் இன்னும் ஏற்கவில்லை. வீட்டுக் கிண்ணத்தில் கொண்டுபோய், வகுப்புத் தோழிகளின் வரிசையிலேயே அமர்ந்து உண்கிறாள். முட்டையை மட்டும் பள்ளியில் வாங்கிக்கொள்கிறாள்.

ருமாட்டிக் காய்ச்சல் திரும்பாமல் தடுக்க அவளுக்குப் பல ஆண்டுகள் பெனிசிலின் ஊசி தொடர வேண்டும். ஒவ்வொரு ஊசிக்கும் வரும்போது எடை, மேற்கைச் சுற்றளவு, அந்த வாரத்தில் உண்ட புதிய பண்டம் ஆகிய மூன்றையும் ஒரே அட்டையில் குறிக்க ஏற்பாடு செய்யப்பட்டுள்ளது. எடை கூடும்போது வால்ப்ரோயேட் அளவைத் திருத்த வேண்டியிருக்கும். 27 கிலோவைத் தாண்டினால் பெனிசிலினும் 6 லட்சம் யூனிட்டிலிருந்து 12 லட்சம் யூனிட்டாக மாறும். அந்த எடையை அவள் எட்டும் நாளை ஊசி போடும் செவிலியருக்கு முன்கூட்டியே தெரிவிக்கும் பொறுப்பு அட்டையை வைத்திருக்கும் உணவியலருடையது.